பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

காலை ஆறே முக்காலுக்குப் பாட்டு நிற்கும். ஒரு சின்ன வீணை இசை வரும். "மரண அறிவித்தல்கள்" என்று நான் சொன்னதும் இணுவிலில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி தேங்காய் துருவுவதை நிறுத்திவிடுவா. அந்நேரம் நான் கலையகத்துக்குள் இருப்பேன், கண்ணால் கண்டதில்லை. அவவே சொன்னது. யாழ்ப்பாணத்து உள்ளூர் வானொலி ஒன்றில் பதினாறு வருடமாகக் காலை அறிவிப்பாளராக இருக்கிறேன். பாண் கடையிலோ பஸ்ஸிலோ குரலை வைத்து என்னை மட்டுக்கட்டுகிறவர்கள் ஒருவராவது "நல்ல பாட்டுப் போட்டனீங்கள்" என்று சொன்னதில்லை. "பிள்ளைதானே உந்தச் செத்தவீடு வாசிக்கிறது?" என்றுதான் கேட்பார்கள்.

வந்த புதிதில் இது எனக்கு வெட்கமாக இருந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீட் என்று இலங்கை வானொலிக் குரல்களைக் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். பாட்டுக்கு முன்னால் ஒரு வரி சொல்லி ஊரையே கட்டிப்போடலாம் என்ற நினைப்பில்தான் நானும் உள்ளே வந்தேன். இப்போது வெட்கமில்லை. நாலு மணித்தியால நிகழ்ச்சியில் நான் பிழைவிடவே கூடாத இடம் அந்தப் பத்து நிமிடம்தான். மிச்சத்தில் பிழைவிட்டால் சிரித்துச் சமாளிக்கலாம்.

மூன்றே முக்காலுக்கு எழும்புவேன். முதல் வேலை ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணி. அம்மா இரவே அவித்துச் சுடுதண்ணிப் போத்தலுக்குள் ஊற்றி வைத்துவிடுவா. தயிர், ஐஸ்கிறீம், கலியாண வீடுகளில் சத்தம் போட்டுக் கதைப்பது, இந்த மூன்றும் எனக்கு விலக்கு. நாலரைக்கு ஸ்கூட்டியை ஒழுங்கை முடியும் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்துதான் ஸ்ராட் பண்ணுவேன். ஒழுங்கைக்குள் ஸ்ராட் பண்ணினால் ஏழு நாயும் எழும்பிவிடும், பிறகு ஏழு வீடும் எழும்பிவிடும். காங்கேசன்துறை வீதிக்கு ஏறினால், மருதனார்மடச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள் எதிரே வரும். தாவடி, கொக்குவில், தட்டாதெருச் சந்தி. மார்கழியில் ஹெல்மெட் கண்ணாடியில் பனி படிந்து துடைக்கத் துடைக்கப் படியும். திருவெம்பாவைக் காலமென்றால் சங்கும் சேமக்கலமுமாகப் பொடியன்கள் எதிர்ப்படுவார்கள். அந்தப் பத்து நாளும் இருட்டுக்குள் தனியப் போகிறேன் என்ற எண்ணமே வராது.

கலையகத்தில் இரவு முறைத் தம்பி நாற்காலியில் தூங்கி விழுந்துகொண்டிருப்பான். பாட்டுகள் கணினியில் தங்கள் பாட்டில் போய்க்கொண்டிருக்கும். ஐந்துக்குப் பக்திப் பாடல்கள், ஆறுக்குச் செய்தி. இதற்கிடையில் அன்றைய அறிவித்தல்களைக் கடதாசியில் எடுத்து, வாய்விட்டு இரண்டு தரம் வாசித்து, பென்சிலால் கோடு போடுவேன். கணினித் திரையில் இருந்து நேரே வாசிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. செத்தவரின் பெயர் கடதாசியில் இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

மரண அறிவித்தலுக்கென்று ஒரு கட்டு உண்டு. பள்ளிக்கூடம் போகாத ஆச்சிமாருக்கும் அது பாடம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன நாள் காலமானார். அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார் இன்னாரின் அன்புத் தாயாரும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் பேர்த்தியாரும் ஆவார். கிரியை எத்தனை மணிக்கு, மயானம் கோம்பயன்மணலா, செம்மணியா, வில்லூன்றியா. பிறகு உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும். சைவக்காரர் சிவபதமடைவார்கள், வேதக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைவார்கள். அதில் சொல் மாறக்கூடாது. நடுவில் வருகிற உறவு வரிசை முழுக்க ஒரே வாக்கியம். மூச்சு எடுக்க இடமிருக்காது. 'உம்' வருகிற இடங்களில் மட்டும், மைக்குக்குக் கேளாமல், மூக்கால் கொஞ்சம் இழுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் ஒன்பது பேர், ஒன்பதும் கலியாணம் முடித்தது என்றால் அன்றைக்கு எனக்கு யோகாசனம்தான்.

எங்கள் ஊர்களின் சரித்திரத்தை யாராவது எழுதப் போனால் இந்த முதல் வரிகளை மட்டும் சேர்த்துக் கட்டினால் போதும் என்று எனக்குப் படும். எங்கள் அப்பாச்சி காலத்து ஆட்களுக்கு இரண்டு ஊர் இருக்கும். கரணவாயில் பிறந்து உடுப்பிட்டியில் வாழ்ந்திருப்பார்கள், இடையில் ஒரு கலியாணம். இப்போது நாலு, ஐந்து ஊர் வருகிறது. நெடுந்தீவில் பிறந்து, கிளிநொச்சியில் காணி வெட்டி, வவுனியாவில் கொஞ்சக் காலம் இருந்து, ஸ்காபரோவில் கண்ணை மூடியிருப்பார். புங்குடுதீவார் வட்டாரத்தையும் சேர்த்துத் தருவார்கள். ஏழாம் வட்டாரத்தை எட்டாம் வட்டாரம் என்று வாசித்தால் பிரான்ஸிலிருந்து அழைப்பு வரும். அவர்கள் ஊரை விட்டு நாற்பது வருடம் ஆகியிருக்கும். வட்டாரத்தை விடவில்லை.

என்னைக் கூடுதலாக நிறுத்தி வைத்த சொல் 'தற்காலிக' என்பது. "மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும், மல்லாகத்தைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட" என்று வரும். 1990 இல் சண்டையால் ஊரை விட்டு வெளிக்கிட்ட சனம். மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில். அந்த 27 வருடத்துக்குள் செத்த எத்தனையோ பேருக்கு அந்தத் 'தற்காலிக' கடைசி வரைக்கும் கழரவில்லை. முகாமில் பிறந்து, முகாமில் கலியாணம் கட்டி, முகாமிலேயே போன ஒரு பொடியனுக்கும் அப்படித்தான் எழுதித் தந்தார்கள். அவனுக்கு எது பிறப்பிடம் என்று வீட்டாரிடம் கேட்டேன். "மயிலிட்டி எண்டே வாசியுங்கோ பிள்ளை" என்றார் தகப்பன். வாசித்தேன்.

ஊர்ப் பெயரை உச்சரிப்பதில் எனக்கு இரக்கமே இல்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அளவெட்டி, சுழிபுரம், ஏழாலை, எழுவைதீவு என்று எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். ளகரமும் ழகரமும் அங்கேயே தெரிந்துவிடும். வெளிநாட்டுப் பெயர்கள் வேறு விதமான தலையிடி. டென்மார்க் ஊர்ப் பெயர் ஒன்றை எப்படிச் சொல்வதென்று விடியப்புறம் அந்த வீட்டுக்கே எடுத்துக் கேட்டிருக்கிறேன். செத்தவீட்டுக்காரர் அதற்குக் கோபிப்பதில்லை. அங்கே மூன்று பேர் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதுதான் பிரச்சினை.

பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற இந்தப் பைத்தியம் எனக்குச் சைக்கிளிலிருந்து வந்தது.

1990 இல் குடாநாட்டில் கரண்ட் நின்றது. பற்றரி தடைசெய்த சாமான். மண்ணெண்ணெய் ஜாம் போத்தல் விளக்குக்கே காணாது. எங்கள் ஐயா, அப்பாவைத்தான் சொல்கிறேன், சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவைப் பின் ரயரில் சாய்த்து, ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் டயோட்டும் கப்பாசிற்றரும் வைத்துச் செய்வித்த சின்னப் பெட்டி ஒன்றுக்குள்ளால் வயரை ரேடியோவுக்குக் கொடுப்பார். பெடல் என் பொறுப்பு. எட்டு வயது. சீற்றில் இருந்தால் கால் எட்டாது என்று பக்கத்தில் குந்தியிருந்து கையால் சுற்றுவேன். இரவு ஒன்பதே காலுக்கு பீபீசி தமிழோசை. வளவுக்குள் பதினைந்து இருபது பேர் சேர்ந்துவிடுவார்கள். வேகம் குறைந்தால் சத்தம் தேயும். "சுத்து பிள்ளை, சுத்து" என்பார்கள். கூடினால் ரேடியோ எரிந்துபோகும் என்று ஐயா கையைப் பிடிப்பார். லண்டனிலிருந்து யாரோ ஒருவர் வாசிக்கிறார், அவருடைய குரல் இணுவிலில் என் கைக்குள் இருக்கிறது. அந்தச் சந்தோசப் புளுகத்தில் கை உளைவது தெரியாது.

திருகோணமலையில் இருந்த மாமி, ஐயாவின் மூத்த அக்கா, செத்ததும் எங்களுக்குத் தெரியவந்தது அந்தச் சைக்கிளில்தான். பாதை பூட்டு. தொலைபேசி இல்லை. கடிதம் எப்போது வரும் என்று கடிதத்துக்கே தெரியாது. ஒரு பகல், கொழும்பு வானொலியின் அறிவித்தலில் மாமியின் பெயர் வந்தது. ஐயா "நிப்பாட்டு" என்று சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. அடுத்தடுத்த அறிவித்தல்களும் போய்க்கொண்டிருந்தன. கிரியைக்குச் சொன்ன நேரம் அன்றைக்குக் காலையோடு முடிந்துபோயிருந்தது. மாமியின் பெயர் கொஞ்சம் நீளம், நடுவில் தடக்குகிற பெயர். அது தடக்காமல் வந்தது. இரவு திண்ணையில் இருந்துகொண்டு ஐயா அம்மாவிடம் சொன்னார்: "பேரை வடிவாச் சொன்னவன்." வேறொன்றும் சொல்லவில்லை.

1995 ஒக்டோபர் 30, சண்டையால் எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க வெளிக்கிட்ட இரவில் ஐயா கரியரில் ரேடியோவைக் கட்டவில்லை, அரிசி மூட்டையைக் கட்டினார். அடுத்த வருடம் மட்டுவிலில் இருந்து திரும்பி வந்தபோது ரேடியோவும் இல்லை, அந்தச் சின்னப் பெட்டியும் இல்லை. சைக்கிள் மட்டும் எங்களோடு போய் எங்களோடு வந்தது.

இப்படியெல்லாம் கதைக்கிற நானே ஒருநாள் உயிரோடிருந்த மனிசனைக் கொன்றேன்.

'காலஞ்சென்ற' என்ற சொல்தான் காரணம். அது ஒரு பெயருக்கு முன்னால் வந்தால் அந்த ஒரு பெயரோடு நிற்க வேண்டும். அன்றைய கடதாசியில் சகோதரர் மூவர். மூத்தவருக்கு மட்டும் அந்தச் சொல். மூத்தவரின் பெயருக்குப் பிறகு நான் நிறுத்தியிருக்க வேண்டும். சளி பிடித்திருந்தது, மூச்சு மிச்சம் இருக்கும்போதே ஓடிவிடுவோம் என்று மூன்று பெயரையும் ஒன்றாக வாசித்துவிட்டேன். ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, இப்ப வாசிச்ச அறிவித்தலிலை வாற மூண்டாவது தம்பி நான்."

"ஓம் ஐயா, சொல்லுங்கோ."

"நான் இன்னும் சாகேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வதுபோல் சொன்னார். கனடாவில் இணையத்தில் கேட்டுக்கொண்டிருந்த மகள் அழுதுகொண்டு எடுத்ததாகவும், தான்தான் தொலைபேசியைத் தூக்கியதால் அவ இன்னும் கூட அழுததாகவும் சொன்னார். ஏழேகாலுக்குத் திருத்தி வாசித்து மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிற பெயரைப் பென்சிலால் பெட்டி கட்டிவிடுவேன், பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கோடு. அந்த மூன்றாவது தம்பியும் அன்றிலிருந்து மாதம் ஒருமுறை எடுத்துப் பழைய பாட்டுக் கேட்பார். "வணக்கம் பிள்ளை, காலஞ்சென்றவர் கதைக்கிறன்." நேரலையில் அதைக் கேட்டுச் சிரிப்பை அடக்குவது ஒன்பது மருமக்களை ஒரே மூச்சில் வாசிப்பதைவிடக் கஷ்டம். போன கிழமையும் எடுத்தார். கரணவாயை அவசரப்பட்டுச் சொல்கிறேனாம்.

அறிவித்தல்கள் இப்போது வைபரில்தான் வருகின்றன. முன்பு யாராவது சைக்கிளில் வந்து, வியர்வையில் நனைந்த கொப்பித் தாளை நீட்டுவார்கள். அதில் வாத்தியார் ஒருவரின் கையெழுத்து இருக்கும், ஒற்றுப்பிழை இருக்காது. வைபரில் வருவதை நாங்கள் உடனே எடுப்பதில்லை. வீட்டாரோடு கதைத்து, ஐமிச்சமென்றால் ஊர் அலுவலரான விதானையாரிடமும் கேட்டுத்தான் வாசிப்போம். பகிடிக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், இதை எழுதவே வாய் கூசுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை பெயர் வரிசை. விடிய ஐந்து மணிக்கு ஒருவர் எடுத்து, கடைசி மருமகனின் பெயரை வெட்டச் சொல்வார். ஐந்தேகாலுக்கு இன்னொருவர் எடுத்து, வெட்டினால் நடக்கிறது வேறு என்பார். விருப்பத்துக்குக் கலியாணம் கட்டிய பிள்ளையை இருபது வருடம் வீட்டுக்குள் எடுக்காதவர்கள், தாயின் அறிவித்தலில் சேர்ப்பதா விடுவதா என்று எனக்கு முன்னால் சண்டை பிடித்திருக்கிறார்கள். எழுதித் தந்து ஒப்பமிட்டவர் சொல்வதைத்தான் வாசிக்கலாம் என்பது எங்கள் விதி. விதிப்படி வாசித்துவிட்டு, விடுபட்ட அந்தப் பிள்ளை எங்கேயோ ஒரு குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருக்குமே என்று யோசித்த நாட்கள் உண்டு.

இடையில் ஒரு பொறுப்பாளர் வந்தார். நல்ல படிப்பு, நல்ல சட்டை. காலையில் சாவை வாசித்தால் நேயர்களின் மூட் போகுது, விளம்பரக்காரர் விரும்புகினமில்லை என்று அறிவித்தலைப் பத்து மணிக்குத் தள்ளினார். அந்த இடத்தில் நான் "ஹாய் ஃப்ரெண்ட்ஸ்" சொல்ல வேண்டும். சென்னைத் தொலைக்காட்சியில் கதைப்பதுபோலக் குரலை மேலே தூக்கிக் கீழே விட வேண்டும், 'கதைப்பம்' என்று சொல்லாமல் 'பேசலாமா' என்று கேட்க வேண்டும். சென்னைத் தமிழ் சென்னைக்காரர் வாயில் அழகுதான், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என் வாயில் அது இரவல் சட்டை. இரண்டு கிழமை அந்தக் கூத்து நடந்தது. பத்து மணிக்கு வாசிக்கிறபோது ஒன்பது மணிக் கிரியை முடிந்துவிடும் என்ற சின்ன விசயம் யாருக்கும் தோன்றவில்லை. செத்தவீட்டுக்குப் போகத் தவறியவர்கள் நிலையத்துக்கு எடுத்து ஏசினார்கள். யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டுக்குப் போகாவிட்டால் மன்னிப்பு உண்டு, செத்தவீட்டுக்குப் போகாவிட்டால் இல்லை. மூன்றாம் கிழமை ஆறே முக்கால் திரும்பி வந்தது.

ரேடியோவை இப்போது ஆர் கேட்கினம் என்று கேட்கிறவர்களுக்கு நான் 2022 ஐச் சொல்வேன். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. A, B, C என்று பிரித்த இடங்களில் எந்த எழுத்துப் பிரிவுக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்ற பட்டியலை மரண அறிவித்தல் வாசிப்பதுபோல ஒவ்வொரு நாளும் வாசித்தேன். தொலைபேசிக் கோபுரங்களும் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட, கைபேசியில் எங்களைக் கேட்டவர்கள் பரணில் கிடந்த ரேடியோவைத் தூசி தட்டி இறக்கினார்கள். எங்கள் ஜெனரேற்றருக்கு டீசல் தேடி வரிசையில் நின்ற கதை தனிக்கதை. குருநகர்க் கடற்தொழிலாளி ஒருவர் எடுத்து, கரண்ட் விபரம் தனக்கு வேண்டாம், மண்ணெண்ணெய் எப்ப வருமெண்டு வாசிக்கேலாதோ என்று கேட்டார். வாசிக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

கடல் அறிக்கையும் அப்படி ஒன்று. 'புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு' என்று தொடங்குகிற அந்த அறிக்கையை நகரத்து ஆட்கள் காதில் போடுவதே இல்லை. வாடைக் காற்றுக் காலத்தில் அதை இரண்டு தரம் வாசிப்பேன், அப்படி வாசிக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்த இரவு வீட்டுக்குப் போகவில்லை. விடியும் வரைக்கும் நானும் கட்டுப்பாட்டறைத் தம்பியும் மழைச் சத்தத்துக்கு மேலால் கதைத்துக்கொண்டிருந்தோம்.

நல்லூர்த் திருவிழா வந்தால் 25 நாளும் வாழ்க்கை தலைகீழ். நல்லூரில் பூசை மணி பிசகாது, ஆகவே வர்ணனைக்குப் போகிறவர்களும் பிசகக்கூடாது. தேரன்று வெளிநாட்டில் இருப்பவர்கள் வேலைக்கு லீவு போட்டுக் கேட்பார்கள். சாதாரண நாட்களிலும் எனக்கு ஆறு மணி என்றால் லண்டனில் நள்ளிரவு தாண்டியிருக்கும், ரொறன்ரோவில் முதல் நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். "காலை வணக்கம்" சொல்லும்போது, அங்கே புட்டுக்கு முன்னால் இருக்கிற யாரோ ஒருவர் "உனக்குக் காலை" என்று சொல்வதாக நினைத்துக்கொள்வேன்.

சம்பளத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பின்னேரங்களில் பரிசளிப்பு விழா, புதுக்கடைத் திறப்பு, விளம்பரக் குரல் என்று ஓடினால்தான் மாதம் முடியும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கிற வீடுகளில், செத்தவரைப் பற்றிய கல்வெட்டுப் பாடல்களை வாசித்துத் தரச் சொல்லியும் கூப்பிடுவார்கள். அறிவித்தலை வாசித்த அதே ஆளே முப்பத்தோராம் நாளும் போய் இருப்பது எனக்கு ஒரு கணக்குச் சரிவந்ததுபோல இருக்கும். காசு வாங்குவேன், அதில் வெட்கமில்லை. சாப்பிடாமல் விடமாட்டார்கள்.

போன மாதம் ஒருநாள் காலையில் அறிவித்தல் ஒன்றும் வரவில்லை. அருமையாக நடக்கிற விசயம். வீணை இசையைப் போடாமல் இரண்டு பாட்டுக் கூடப் போட்டுவிட்டு, பத்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா திண்ணையில் இருந்து முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தா. ரேடியோ நிற்பாட்டிக் கிடந்தது.

"இண்டைக்கு ஆர்?" என்றா, வழக்கம்போல, தலையைத் தூக்காமல்.

"ஒருத்தரும் இல்லை அம்மா."

"அப்ப உவ்வளவு நேரமும் என்னத்தை வாசிச்சனீ?"